பெயர் தெரியாத போனும் மலை மறைக்கும் சிக்னலும்

தேனி நேரு சிலையைச் சுற்றியுள்ள கடைகளானாலும் சரி, கம்பம், போடி, சின்னமனூர் கடைத்தெருக்களானாலும் சரி, பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஸ்மார்ட்போன் கேட்டால் நான்கைந்து பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். அதில் ஒன்றிரண்டு பெயர்கள்தான் நமக்குத் தெரிந்தவை. மற்றவை எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். சில கேள்விப்பட்டதே இருக்காது. அந்தத் தெரியாத பெட்டியில்தான் எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். 12 ஜிபி ராம், 50 மெகாபிக்சல் கேமரா, 5000 எம்ஏஎச் பேட்டரி. விலையும் ஆயிரம், இரண்டாயிரம் குறைவு. வாங்கலாமா, கூடாதா?

பெயர் தெரியவில்லை என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம் என்பதே என் கருத்து. பெரிய எழுத்தில் போடுவதெல்லாம் ஊதிப் பெருக்க வசதியான எண்கள். கம்பம் பள்ளத்தாக்கில் குடியிருப்பவருக்குத் தேவையான விவரங்கள் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது அச்சிலேயே இருக்காது. அவற்றைத் தேடிப் படிக்கக் கொஞ்சம் இயற்பியல் தெரிந்தால் போதும்.

முதலில், போனைச் செய்வது யார்? பெட்டியில் பெயர் இருக்கும் நிறுவனம்தான் செய்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் இல்லை. சீனாவின் ஹுவாச்சின், லாங்சியர் போன்ற நிறுவனங்கள் போனை வடிவமைத்து, போர்டு போட்டு, முழுதாகப் பூட்டியே கொடுத்துவிடுகின்றன. வாங்குகிற பிராண்டு தன் பெயரைப் பொறித்துக்கொள்கிறது. ஒரே தொழிற்சாலையிலிருந்து பல பெயர்களில் போன்கள் வெளிவருகின்றன. இங்கேயும் அதே கதைதான். நொய்டாவின் டிக்சன் குழுமம் மோட்டரோலாவுக்கும் ஷாவ்மிக்கும் போன் தயாரித்துத் தருகிறது. ஐடெல், டெக்னோ, இன்ஃபினிக்ஸ் போன்களைத் தயாரிக்கும் இஸ்மார்ட்டு இந்தியா நிறுவனத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கை 2024-ல் வாங்கியதும் அதே குழுமம்தான். இந்த மூன்று பெயர்களுமே ஷென்ஜெனைச் சேர்ந்த டிரான்ஷன் என்ற ஒரே நிறுவனத்துடையவை. நம்மூரில் இவற்றைச் சந்தேகமாகப் பார்ப்பவர்கள் இன்னும் உண்டு. ஆப்பிரிக்காவிலோ பல ஆண்டுகளாக அதிகம் விற்பவை இவைதான்.

இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு போனுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவு வேண்டும். பெட்டியிலோ செட்டிங்ஸிலோ 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்கங்களும் கொண்ட பதிவெண் இருக்கும். அதை 'பிஐஎஸ் கேர்' என்ற இலவச செயலியில் போட்டுப் பார்த்தால், எந்தத் தொழிற்சாலையில் செய்தது, எந்த முகவரி, எந்த பிராண்டுக்கான பதிவு என்று காட்டும். பெயர் தெரியாத பிராண்டாக இருந்தாலும் தொழிற்சாலை தெரிந்ததாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பதிவெண்ணே இல்லை, அல்லது வேறு ஏதோ பொருளின் பதிவு வருகிறது என்றால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். யோசிக்க வேண்டியதில்லை.

பெயரும் பொருளும் வேறு வேறு என்பதை நாடே பார்த்த நாள் ஒன்று உண்டு. 2016 பிப்ரவரியில் நொய்டாவின் ரிங்கிங் பெல்ஸ் நிறுவனம் 'ஃப்ரீடம் 251' என்ற போனை 251 ரூபாய்க்குத் தருவதாக அறிவித்தது. கோடிக்கணக்கானோர் பதிவு செய்தார்கள். பத்திரிகையாளர்கள் கையில் கொடுத்த மாதிரி போனில் 'ஆட்காம்' என்ற வேறொரு பிராண்டின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது. சுரண்டிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டே அந்நிறுவனத்தின் இயக்குநர் மோசடிப் புகாரில் கைதானார். ஒரு போனின் திரை, பேட்டரி, சிப் ஆகியவற்றின் விலையைத் தோராயமாக அறிந்தவர் யாரும் அன்று ஏமாந்திருக்க மாட்டார்.

அதற்கும் முன்பு, 2009-ல், சைனா போன் காலம். ஐந்து ஸ்பீக்கர், இரண்டு சிம் என்று தமிழ்நாடெங்கும் விற்றுத் தீர்ந்த அந்தப் போன்களில் பலவற்றுக்கு ஐஎம்இஐ என்ற 15 இலக்க அடையாள எண்ணே கிடையாது. அந்த ஆண்டு நவம்பர் 30 நள்ளிரவோடு ஐஎம்இஐ இல்லாத போன்களின் இணைப்பைத் துண்டிக்க மத்திய அரசு உத்தரவிட்டது. கையில் போன் இருந்தது, பேச முடியவில்லை. இன்று அந்த எண்ணைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். *#06# அழுத்தினால் எண் திரையில் வரும். எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்பினால், எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று பதில் வரும். கையில் இருப்பது ஒன்று, பதிலில் வருவது வேறொன்று என்றால் அது போலியாகவோ திருட்டாகவோ இருக்கலாம். பழைய போன் வாங்குபவர்கள் காசு கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இனி நம் பள்ளத்தாக்கின் தனிப் பிரச்சினைக்கு வருகிறேன். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும், நடுவே முல்லைப் பெரியாறு பாயும் வயலும் திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும். விடியற்காலையில் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. காலையில் தமிழ்நாட்டு டவர், பகலில் கேரள டவர், இடையில் டவரே இல்லாத கொண்டை ஊசி வளைவுகள். சென்னையில் நன்றாக வேலை செய்யும் போன் இங்கே ஊமையாகிவிடுவது ஏன் என்பது அலைநீளக் கணக்கு.

700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு முழம். 1800-க்கு 17 சென்டிமீட்டர். 5ஜி பெரும்பாலும் ஓடும் 3500 மெகாஹெர்ட்ஸுக்கு எட்டரை சென்டிமீட்டர்தான். வாய்க்காலில் ஒரு குத்துக்கல் கிடந்தால், நீளமான அலை கல்லைச் சுற்றி வளைந்து மறுபக்கம் சேர்ந்துகொள்ளும். சிற்றலை கல்லோடு நின்று, பின்னால் தண்ணீர் சலனமில்லாமல் கிடக்கும். ரேடியோ அலையும் மலை முகட்டில் பட்டால் இப்படித்தான் நடந்துகொள்கிறது. நீளமான அலை முகட்டுக்குப் பின்னால் கூடுதலாக வளைந்து இறங்குகிறது.

இதை எண்ணாகவும் சொல்லலாம். ஒரே சக்தியில் அனுப்பி, ஒரே வகை ஆன்டெனாவில் வாங்கினால், 700-ல் கிடைப்பதைவிட 3500-ல் கிடைக்கும் சிக்னல் 25 மடங்கு குறைவு. அதிர்வெண் ஐந்து மடங்கு என்பதால் ஐந்தின் வர்க்கம். இது தடையே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. நடுவே கூர்மையான முகடு ஒன்று இருந்து, அதன் ஆழமான நிழலில் நாம் நின்றால் இன்னும் ஐந்து மடங்கு குறையும். இதை ஈடுகட்டத்தான் 5ஜி டவரில் நிறைய ஆன்டெனாக்களை அடுக்கி அலையைக் கற்றையாகக் குவித்து அனுப்புகிறார்கள். ஊருக்குள் அது பிரமாதமாக வேலை செய்கிறது. மலை மறைவில் அந்தக் கற்றையும் முகட்டைத் தாண்டித்தானே வர வேண்டும்?

எனவே இங்கே போன் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தப் போன் எந்தெந்த அலைவரிசையைக் கேட்கும் என்பதுதான். போன் விற்பனைக்காரர்கள் இதை 'பேண்டு' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அவை முறையே பேண்டு 5, 3, 40. ஏர்டெல் 900, 1800, 2100, 2300-ஐப் பயன்படுத்துகிறது. தொலைத்தொடர்பு வட்டத்துக்கு வட்டம் கொஞ்சம் மாறும். பிஎஸ்என்எல் உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜி கருவிகளை நாடெங்கும் நிறுவி 2025 செப்டம்பர் 27-ல் முறைப்படி தொடங்கியது. அதன் முதுகெலும்பு 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்டு 28, கூடவே 2100.

மலையோரத்தில் நன்றாகப் பரவும் அந்த 700 மெகாஹெர்ட்ஸைக் கேட்கும் திறன் பல பழைய போன்களிலும் மலிவு போன்களிலும் கிடையாது. பேண்டு கூடக் கூட அதற்கான வடிகட்டியும் பெருக்கியும் தேவை. பாகம் கூடினால் செலவு கூடும். போட்டி விலைக்கு விற்கிற பிராண்டு கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்தில்தான் முதலில் கை வைக்கும். தலைக்கு மேலே டவர் இருக்கும், போனுக்கு அது தெரியாது. 'சிம் சரியில்லை' என்று நாம் சிம்மை மாற்றிக்கொண்டிருப்போம்.

5ஜியிலும் இதே கதை உண்டு. ஜியோவின் 5ஜி, 4ஜியின் துணையில்லாமல் தனித்து இயங்கும் வகை. ஏர்டெல் 4ஜியைத் துணையாகக் கொண்ட வகையில் தொடங்கியது. இரண்டையும் ஏற்கும் போனா என்று பார்க்க வேண்டும். எண்களில் என்78 என்பது 3500 மெகாஹெர்ட்ஸ், என்28 என்பது 700. 2022 ஏலத்தில் 700-ஐ வாங்கிய தனியார் நிறுவனம் ஜியோ மட்டுமே. ஜியோ சிம் வைத்துக்கொண்டு மலையடிவாரத்தில் இருப்பவர், என்28 இல்லாத '5ஜி' போனுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பொருளில்லை. வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் போன்களில் இன்னொரு சிக்கல் வரலாம். அலைவரிசை பொருந்தியும், 4ஜியிலேயே குரல் அழைப்பு பேசும் வோல்டிஇ வசதி நம் நிறுவனங்களுக்கு ஏற்றபடி மென்பொருளில் அமைக்கப்படாமல் இருக்கும். நெட் ஓடும், அழைப்பு போகாது.

சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். எவ்வளவு சிக்னல் பலத்துக்கு எத்தனை கோடு என்று எந்தப் பொது விதியும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. செட்டிங்ஸில் 'அபவுட் போன்', அதில் 'சிம் ஸ்டேட்டஸ்' என்று போனால் சிக்னல் பலம் டிபிஎம் என்ற அலகில் எண்ணாகவே இருக்கும். 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 110 என்றால் இழுபறி, மைனஸ் 120 என்றால் போய்க்கொண்டிருக்கிறது. 3 குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. கடையில் ஒரு சோதனை செய்யலாம். வாங்க நினைக்கும் போனிலும், நன்றாக எடுக்கும் என்று பெயர் வாங்கிய இன்னொரு போனிலும் ஒரே நிறுவனத்தின் சிம்மைப் போட்டு, கடையின் உள்மூலையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே பேண்டு பிடித்திருக்க வேண்டும். சில நிமிடங்கள் விட்டுத் திரும்பத் திரும்பப் பாருங்கள். தொடர்ந்து ஆறு டிபி குறைவாகவே காட்டினால், அந்தப் போனின் ஆன்டெனா கால் பங்குதான் வாங்குகிறது என்று பொருள். எந்த விளம்பரமும் இதைச் சொல்லாது.

பேட்டரிக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். தோட்டத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் ஒன்று உண்டு. காலையில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு போனேன், ஒரு போன்கூடப் பேசவில்லை, சாயங்காலம் செத்துவிட்டது. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சொல்லும் முன் போன் என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். டவர் பக்கத்தில் இருந்தால் போன் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவான சக்தியில் பேசிவிடும். டவர் தொலைவாகிச் சிக்னல் மங்கினால், தன்னால் முடிந்த அளவுக்குக் கத்தும். உச்ச வரம்பு 200 மில்லிவாட். அதை உண்டாக்க உள்ளே செலவாகும் மின்சாரம் அதைப் போலச் சில மடங்கு. சிக்னல் முற்றிலும் அறுந்துவிட்டாலோ, எல்லா பேண்டுகளையும் மாற்றி மாற்றித் துழாவிக்கொண்டே இருக்கும். 5000 எம்ஏஎச் பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ 19 வாட் மணி ஆற்றல். சராசரியாக ஒரு வாட் செலவானால்கூடப் பத்தொன்பது மணி நேரத்தில் காலி. டவரே இல்லாத இடத்தில் ஏரோபிளேன் மோடில் போடுவது, 6000 எம்ஏஎச் போனுக்குக் காசைக் கொட்டுவதைவிடப் பயன் தரும்.

பேட்டரிக்கு இன்னொரு எதிரி வெயில். 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் அயனி பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். சித்திரை வெயிலில் ஜீப் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துச் சார்ஜ் போட்டால் எந்த பிராண்டும் தாங்காது.

அடுத்தது ராம். இதில்தான் நான் மிகவும் வருத்தப்படுகிறேன். '12 ஜிபி ராம்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 4 கூட்டல் 8 என்றிருக்கும். உண்மையான ராம் 4 ஜிபிதான். மீதி எட்டு, சேமிப்பகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி ராம் மாதிரி பயன்படுத்துவது. பெயர் பலவிதம், வர்ச்சுவல் ராம், மெமரி ஃப்யூஷன், எக்ஸ்டெண்டட் ராம். மலிவு போன்களில் உள்ள உண்மையான ராம் நொடிக்குப் பத்து ஜிபிக்கு மேல் தகவல் கடத்தும். அதே போன்களில் சேமிப்பகமாக வரும் இஎம்எம்சி 5.1, கோட்பாட்டளவிலேயே நொடிக்கு 0.4 ஜிபிதான். தேடி எடுக்க ஆகும் தாமதமோ ஆயிரம் மடங்கு அளவில் வித்தியாசப்படும். மேலும், ஃபிளாஷ் சேமிப்பகத்தில் ஏற்கனவே எழுதியதன் மேல் எழுத முடியாது. ஒரு பெரிய கட்டத்தை முழுதாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு அழிப்பும் அதன் ஆயுளைக் கொஞ்சம் தின்கிறது.

வாங்கிய மாதம் எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்து, வாட்ஸ்அப் வீடியோக்கள் நிறைந்து, சேமிப்பகம் முக்கால்வாசி ஆனதும் தெரியும். மளிகைக் கடையில் நின்று ஜிபே திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். 'சிப் மோசம்' என்பார்கள். பல நேரம் சிப் குற்றவாளி அல்ல, சேமிப்பகம்தான். எனவே ஒரு பத்தாயிரம் ரூபாய் போனில் நான் தேடுவது மெகாபிக்சலை அல்ல. உண்மையான ராம் 6 ஜிபியா, குறைந்தது 4 ஜிபியா? சேமிப்பகம் இஎம்எம்சியா, யுஎஃப்எஸ் 2.2-ஆ? யுஎஃப்எஸ் மூன்று, நான்கு மடங்கு வேகம். படிப்பதையும் எழுதுவதையும் ஒரே நேரத்தில் செய்யும். பெயர் தெரியாத பிராண்டு யுஎஃப்எஸ் கொடுத்து, பெயர் பெற்ற பிராண்டு அதே விலையில் இஎம்எம்சி கொடுத்தால், இந்த ஒரு விஷயத்தில் பெயர் தெரியாததற்கே என் ஓட்டு. 'சிபியு-இசட்' போன்ற இலவச செயலியைக் கடையிலேயே இறக்கிப் பார்த்தால் உண்மையான ராம் எவ்வளவு, எந்த சிப் என்று தெரியும். இறக்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

கேமரா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 50 மெகாபிக்சல் சென்சாரில் நான்கு நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கித்தான் படம் எடுக்கிறது, கிடைப்பது 12.5 மெகாபிக்சல் படம். பின்பக்கம் மூன்று வட்டம் இருந்தால் அதில் ஒன்றோ இரண்டோ 0.08 மெகாபிக்சல் அளவுள்ள அலங்காரமாக இருக்கக்கூடும். திரையில் பார்க்க வேண்டியது வெளிச்சம். திராட்சைத் தோட்டத்து மதிய வெயிலில் 400, 450 நிட்ஸ் திரையில் எழுத்து தெரியாது. போனை வாங்கும் முன் கடை வாசலுக்கு எடுத்துச் சென்று வெயிலில் வைத்து ஒரு எஸ்எம்எஸ் படித்துப் பாருங்கள். அவ்வளவுதான்.

பாதுகாப்பை மட்டும் இப்படி லேசாக விட முடியாது. இன்று போன் என்பது பேங்குப் புத்தகம். கூலி அதில் வருகிறது, ஏலக்காய் விற்ற பணம் அதில் வருகிறது, ஓடிபி அதில் வருகிறது. 2016 நவம்பரில் கிரிப்டோவயர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு விஷயத்தை வெளியிட்டது. புளூ என்ற பிராண்டின் மலிவு ஆண்ட்ராய்டு போனில், ஆடப்ஸ் என்ற ஷாங்காய் நிறுவனத்தின் அப்டேட் மென்பொருள், உரிமையாளருக்குத் தெரியாமல் எஸ்எம்எஸ் முழுவதையும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை சீனாவிலுள்ள சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2018-ல் ரஷ்யாவின் டாக்டர் வெப் நிறுவனம், நாற்பதுக்கும் மேற்பட்ட மலிவு மாடல்களில் 'டிரயாடா' என்ற திருட்டு மென்பொருள் தொழிற்சாலையிலேயே ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு கூகுளே விரிவாக விளக்கியது: சில மென்பொருள் வேலைகளை பிராண்டு வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது, அங்கே புகுந்துவிடுகிறது. சிஸ்டத்தின் உள்ளேயே இருப்பதால் ஃபேக்டரி ரீசெட் போட்டாலும் போகாது.

இதற்காகப் பயந்து சாக வேண்டாம். இரண்டு இடங்களைப் பாருங்கள். பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியில் பிளே புரொடெக்ட் சான்றிதழ் இருக்கும். 'டிவைஸ் இஸ் சர்ட்டிஃபைடு' என்று இருக்க வேண்டும். பிறகு போனின் செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி பேட்ச்' தேதி. புதுப் பெட்டியிலிருந்து எடுத்து, வைஃபையில் அப்டேட் தேடிய பின்னும் அந்தத் தேதி ஓராண்டு பழையதாக இருந்தால், அந்த நிறுவனம் விற்றதோடு கை கழுவிவிட்டது. அந்தப் போனில் பேங்க் செயலியைப் போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்பனை முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட்டும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரி பாகங்களும் தர வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. நிறுவனம் விரும்பினால் தரும். நமக்கும் அந்தச் சட்டம் வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரம் இது.

கடைசியாக ரிப்பேர். கம்பத்தில் ஒரு சர்வீஸ் கடைத் தம்பியிடம், அதிகம் கேள்விப்படாத ஒரு மாடலைக் காட்டி, திரை உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "காம்போ மதுரையில கேட்டாலும் கிடைக்காதுண்ணே. ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வரும். வந்தாலும் டச்சு ஒரு ஓரம் வேலை செய்யாது. சார்ஜிங் பின்னுன்னா எதையாவது வச்சு ஒட்டிரலாம், டிஸ்ப்ளே போச்சுன்னா போனு போச்சு" என்றார். காம்போ என்பது கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றும் ஒன்றாக ஒட்டிய தொகுப்பு. கண்ணாடி மட்டும் கீறினாலும் பெரும்பாலும் முழுதாகத்தான் மாற்ற வேண்டும். அவர் மேசையைப் பார்த்தபோது இழுப்பறையில் அடுக்கி வைத்திருந்த காம்போக்கள் எல்லாம் ஏழெட்டு பிராண்டுகளுக்கானவைதான். எந்த பிராண்டு நம்மூரில் உயிரோடு இருக்கிறது என்று அறிய அந்த இழுப்பறையை விட நம்பகமான ஆவணம் எனக்குத் தெரியவில்லை. கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். 'சர்வீஸ் சென்டர் மதுரையில் இருக்கிறது' என்றால், ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போனின் விலையோடு சேர்ந்ததாகக் கணக்கிட வேண்டும்.

பெரிய பெயர் என்பதாலேயே ரிப்பேருக்கு உத்தரவாதம் வந்துவிடாது. 2014-ன் கடைசிக் காலாண்டில் இந்திய ஸ்மார்ட்போன் விற்பனையில் மைக்ரோமேக்ஸ் சாம்சங்கை முந்தியதாக கனாலிஸ் ஆய்வு நிறுவனம் கணித்தது. 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ 4ஜி வந்தது. 4ஜி போன்களோடு சீன நிறுவனங்கள் குவிந்தன. சில ஆண்டுகளில் மைக்ரோமேக்ஸ் கடைகளிலிருந்து மறைந்தது. கொரியாவின் எல்ஜி 2021-ல் போன் தொழிலையே மூடியது. ஆகவே பிராண்டு எவ்வளவு பழையது என்று கேட்பதைவிட, உங்கள் ஊர் சர்வீஸ் கடையில் அந்த மாடலின் காம்போ இன்று என்ன விலை என்று கேளுங்கள். போன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள், கையிருப்பில் இருந்தால் வாங்கலாம்.

என் தீர்ப்பு இது. வீட்டில் அம்மா அப்பாவுக்கு, பேசவும் வாட்ஸ்அப் பார்க்கவும் என்றால், பேண்டு பொருந்தி, பிஐஎஸ் பதிவும் தேனியில் சர்வீஸும் உள்ள அதிகம் அறியப்படாத பிராண்டு தாராளமாகப் போதும். மிச்சமாகும் இரண்டாயிரம் ரூபாய் நல்ல பணம். பணப் பரிமாற்றம் முழுவதும் போனில் நடத்துபவர், வியாபாரி, சுய உதவிக் குழுக் கணக்கு பார்ப்பவர் என்றால், எத்தனை ஆண்டு அப்டேட் என்று எழுத்தில் உறுதி தராத பிராண்டை வாங்க வேண்டாம். அதே விலைக்கு, அப்டேட் காலம் இன்னும் மிச்சமுள்ள, தெரிந்த நிறுவனத்தின் போன வருட மாடல் மேல். மலையேறித் தோட்டத்துக்குப் போகிறவருக்கு 5ஜி என்ற முத்திரையைவிடப் பேண்டு 28, பேண்டு 5 இரண்டும் இருப்பது முக்கியம்.

எதை வாங்கினாலும் ஐஎம்இஐ எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள். 'பில் இல்லாமல் ஐந்நூறு குறைத்துத் தருகிறேன்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; வாரண்டியும் போகும், வழக்குப் போடும் ஆதாரமும் போகும். நிறுவனம் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீரவில்லை என்றால் தேனியிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது.